பேரன் வருகிறான், லோங்காங் மூடியைப் பாருங்கள்

நம் மலேசியாவில் கோடை விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுக்க வெயில், பிற்பகலில் இடி, மாலையில் மழை. இருந்தாலும் ரவாங்கில் பல வீடுகளுக்குக் கோடை வந்துகொண்டுதான் இருக்கிறது. சென்னையில் கட்டிக்கொடுத்த பெண் மே மாதம் பிள்ளையோடு வருகிறாள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஜூனில் கொண்டுவந்து விடுகிறான். லண்டன் பள்ளிகள் ஜூலைக் கடைசியில் மூடினால் ஏறக்குறைய ஆறு வாரம். எங்கள் வீட்டுக்கு வருவது லண்டன் பேரன். இப்போது ஒன்பது வயது.

முதல் முறை வந்தபோது அவனை விருந்தாளி மாதிரி தாங்கினேன். கேட்டதெல்லாம் சமைத்து, காலையில் ஓர் இடம் மாலையில் ஓர் இடம் என்று கூட்டிப்போய், ஐந்தாம் நாள் எனக்கு முட்டி வீங்கிவிட்டது. அவனோ சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "பாட்டி, போரடிக்குது" என்றான். அவன் பிழையில்லாமல் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது. அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டவைதான் இந்தக் குறிப்புகள்.

1. பிள்ளை வெளிநாட்டுக் கடப்பிதழில் வந்தால், மலேசியா டிஜிட்டல் வருகை அட்டையை வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். 2024 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை. இதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் குடிநுழைவுத் துறையின் தளமாக இருக்காது. இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் விசா இல்லாமல் தங்கும் சலுகை இருக்கிறது. அது அவ்வப்போது நீட்டிக்கப்படும் சலுகை என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

2. கிள்ளானிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வரும் பிள்ளையாக இருந்தால் மைகிட் அட்டையை மறக்காமல் வாங்கி வையுங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளியில் வேலை முடியும். யார் பிள்ளையானாலும் தடுப்பூசிப் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். "அவசரத்துக்கு என் பெற்றோர் சிகிச்சைக்குச் சம்மதம் தரலாம்" என்று மகனோ மகளோ கையெழுத்திட்ட ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும். ஒரு மணி நேர வேலை, ஆறு வார நிம்மதி.

3. லண்டன் சார்ஜர் நம் வீட்டு பிளக்கில் அப்படியே பொருந்தும்; இரண்டும் தட்டையான மூன்று கால். இந்தியாவிலிருந்து வருவது உருண்டைக் கால். அதற்கு அடாப்டர் வாங்கி வையுங்கள். இல்லையென்றால் முதல் நாள் இரவே உங்கள் சார்ஜர் காணாமல் போகும்.

4. பிள்ளை வருவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி வாருங்கள், அவன் உயரத்துக்குக் குனிந்தபடி. முதலில் பார்க்கவேண்டியது வாசல் வடிகால், அதாவது லோங்காங். நம் தெருவீடுகளில் அது முழங்கால் ஆழத்துக்குக் குறையாது. சிமெண்டு மூடி ஆடினாலோ, இரும்புக் கம்பி மூடியில் ஒரு கம்பி போயிருந்தாலோ உடனே சரிசெய்யுங்கள். நமக்குக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் பழக்கம். பந்தைத் துரத்திவரும் பிள்ளைக்கு அது தெரியாது. மழை பெய்யும்போது அந்தத் தண்ணீர் ஓடும் வேகம் உங்களுக்குத் தெரியும்.

5. எல்லாவற்றையும்விட முக்கியமானது மாத்திரை. நம் வயதில் சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று சாப்பாட்டு மேசையிலேயே ஒரு மருந்துக்கடை இருக்கும். ரோஸ், மஞ்சள், வெள்ளை என்று மிட்டாய் மாதிரியே இருக்கும். சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் சின்னப் பிள்ளையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பா நமக்கு வசதி, பிள்ளைக்கும் திறக்க வசதி. பேரன் இருக்கும் வரை அலமாரி மேல்தட்டு, பூட்டு, சாவி தாத்தாவின் சட்டைப்பையில். கைப்பையில் போட்டு வைத்திருக்கும் இரண்டு மாத்திரைகளையும் மறக்காதீர்கள். பிள்ளைகள் பாட்டியின் பையைத்தான் முதலில் குடைவார்கள், மிட்டாய் தேடி. விழுங்கிவிட்டான் என்ற சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரை அட்டையோடு நேரே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 999.

6. தண்ணீர்த் தடை வரும் என்று வாளி வாளியாகப் பிடித்து வைப்பது நம் வழக்கம். தப்பில்லை, மூடி போட்டிருந்தால். ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடைத் தண்ணீர் வேண்டாம். தேங்கி நிற்கும் தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு கிழமையை வைத்துக்கொண்டு பூந்தொட்டித் தட்டு, சாமி மேடைப் பூச்சாடி, குளிர்சாதனப்பெட்டியின் பின்தட்டு, குளியலறைத் தொட்டி எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இது ஞாயிற்றுக்கிழமை வேலை. டார்ச் லைட்டோடு 'புழு போலீஸ்' ஆகப் போவது பேரன். நான் மூன்று வருடமாகக் கவனிக்காத ஒரு பழைய டயரை அவன்தான் கண்டுபிடித்தான்.

7. லண்டன் கோடைக்கும் நமக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். இங்கே இரவு பன்னிரண்டு அடிக்கும்போது பிள்ளையின் உடம்புக்கு மாலை ஐந்து மணி. "தூங்கு, தூங்கு" என்று அதட்டிப் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் உடம்பு தானாகத் திரும்பும். ஒரு வாரம் என்று கணக்கு வையுங்கள். பகல் வெளிச்சத்தில் நடக்கவைத்தால் சீக்கிரம் சரியாகும். மதியத் தூக்கம் அரை மணியோடு போதும். முதல் சில இரவுகளுக்கு மேசைமேல் பிஸ்கட்டும் ஒரு தெர்மஸில் மைலோவும் வைத்துவிடுங்கள். நடுராத்திரி மூன்று மணிக்குப் பசிக்கும், உங்களை எழுப்பமாட்டான்.

8. படுக்கைக்குத் தனி அறை ஒதுக்கி அலங்கரிக்கவேண்டாம். நம் அறையிலேயே ஒரு தோத்தோ விரித்துப் போட்டால் போதும். தரையில் படுப்பது நமக்குத்தான் முதுகுவலி, அவர்களுக்குத் திருவிழா.

9. காரம். வந்த முதல் மூன்று நாள் தயிர்சோறு, பருப்பு, ரசம், முட்டை. நாலாம் நாள் தோசைக்குத் தொட்டுக்கொள்ள நம் குழம்பை ஒரு கரண்டி ஓரமாக ஊற்றுங்கள். அவனே தொட்டுப் பார்ப்பான். ரொட்டி சானாய்க்குச் சிபாரிசு தேவையில்லை. நாசி லெமாக் வாங்கினால் சம்பாலைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்; கடை ஐஸ் கச்சாங் இரண்டாம் வாரம். ஒரு வயதுக்குக் கீழே என்றால் தேன் நாக்கில் தடவும் பழக்கம் கண்டிப்பாக வேண்டாம், எந்தப் பெரியவர் சொன்னாலும்.

10. இப்போது வேலை. இதுதான் நான் சொல்ல வந்ததே. தினம் ஒரு வேலை, அது உண்மையான வேலையாக இருக்கவேண்டும். பிள்ளையைச் சமாளிக்கக் கொடுக்கும் பொய் வேலையை அவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஈக்கான் பிலிஸ் தலையைக் கிள்ளிக் குடலை எடுப்பது ஒன்பது வயதுக்கு ஏற்ற வேலை. சின்ன விரல்களுக்கு என்னைவிட வேகம் அதிகம். ஆறு வயதுக்குக் கறிவேப்பிலை உருவுதல், பூண்டு உரித்தல். நாலு வயதுக்குத் துணிக்கிளிப்பை நிறம் நிறமாகப் பிரித்தல். பன்னிரண்டு வயதுப் பேத்தியாக இருந்தால் உங்கள் தொலைபேசியில் உள்ள படங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அத்தனை குட்மார்னிங் படங்களையும் அவள் அழித்துவிடுவாள், அது வேறு விஷயம்.

ஒரு விதி உண்டு. அவன் செய்து முடித்ததை நீங்கள் பின்னாலேயே போய்த் திருத்தக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரு நாள் சம்பாலில் மீன் தலை நாலைந்து கிடந்தது. தாத்தா ஒன்றும் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைத்தார். பேரன் எண்ணிப் பார்த்தான். மறுநாள் ஒன்றுகூட இல்லை.

11. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெரும்பாலும் டுரியான் காலம். வாசலுக்கு வெளியே தாளை விரித்து அங்கேயே சாப்பிட்டு முடிப்பது எல்லாருக்கும் நல்லது. மீந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை ஒரு பையில் கட்டி வையுங்கள்; இல்லையென்றால் குளிர்பெட்டியில் இருக்கும் பால்கூட டுரியான் வாசம் அடிக்கும். ரம்புத்தானை வாங்கியதும் கொத்தோடு தண்ணீரில் பத்து நிமிடம் முக்கினால் எறும்பு மேலே வந்துவிடும். நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ரம்புத்தான் சதையைக் கொட்டையிலிருந்து சீவித்தான் கொடுக்கவேண்டும். முழுசாக வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும்.

மங்குஸ்தானுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. பழத்தின் அடியில் பூப்போல ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. திறப்பதற்கு முன் எண்ணச் சொல்லிப் பந்தயம் கட்டுங்கள். பேரனிடம் ஒவ்வொரு முறையும் தாத்தா ஜெயித்துக்கொண்டிருந்தார், அவன் ரகசியத்தைக் கண்டுபிடிக்கும்வரை. தோலின் கறை துணியில் பட்டால் போகவே போகாது, பழைய பனியன் போட்டுவிடுங்கள்.

12. மழை பெய்து வெளியே போக முடியாத மாலைகளுக்கு ஒரு கதை. மின்விசிறி சுவிட்சைத் தட்டச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். 1894இல், இந்த ரவாங்கில்தான் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்கு மின்னாக்கி ஒன்றைக் கொண்டுவந்து இயக்கினார்கள். மலாயாவில் மின்சாரத்தின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு சீனர், ஒரு தமிழர். கோலாலம்பூரில் மாரியம்மன் கோயிலை எழுப்பியவரும் பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கியவரும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். லண்டன் பிள்ளைக்குத் தாத்தா ஊர் பட்டிக்காடு என்ற எண்ணம் இருந்தால் இந்தக் கதையோடு கொஞ்சம் கரையும். சரியாக அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால் நான் பொறுப்பல்ல. பலத்த இடி கேட்டால் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடவேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

13. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டிகளிடம் இருப்பது கடையில் கிடைக்காத சரக்கு. ரவாங்கைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பல இப்போது வீடமைப்புப் பகுதிகள். லயத்து வீடு, பிரட்டு, கங்காணி, மங்கு, உளி என்ற சொற்கள் நம்மோடு நின்றுவிடும். "தோட்டத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டோம்" என்று தொடங்கினால் பிள்ளை எழுந்து போய்விடும். "விடியாத இருட்டில் ஏன் மரம் சீவப் போனோம் தெரியுமா?" என்று கேளுங்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் உறைந்து நின்றுவிடும் என்று சொன்னால் அடுத்த கேள்வி அவனிடமிருந்து வரும். ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் தொடையில் வைக்கும் விளையாட்டை எங்கள் வீட்டில் தாத்தா சொல்லிக்கொடுத்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார முடியவில்லை. கொட்டையை வாயில் போட்டுக் கடிக்கவிடாதீர்கள், பச்சையாகத் தின்றால் விஷம்.

சொல்வதைத் தொலைபேசியில் பதிவு செய்யும் வேலை பேரனுடையது. ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் தோட்டத்தின் பெயரும் வைக்கச் சொல்லுங்கள். பழைய புகைப்படங்களை எடுத்தால் பின்புறம் பென்சிலால் பெயர் எழுதிவிடுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறும்.

14. தமிழ் சொல்லித்தர உட்காரவைக்காதீர்கள். விடுமுறையில் வந்த பிள்ளைக்கு இன்னொரு பள்ளிக்கூடம் தேவையில்லை. சமையலறையில் நான் தமிழில் மட்டும்தான் பேசுவேன், அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. பசித்தால் பிள்ளைக்குத் தமிழ் தானாக வரும். பின்னணியில் மின்னல் எப்.எம் ஓடிக்கொண்டிருக்கட்டும். பல்லாங்குழிப் பலகை இருந்தால் எடுங்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைக்குச் சொங்காக் தெரிந்திருக்கும், இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழி. விதியில் சண்டை வரும், நல்லது.

15. ரயில். 1995இல் கொமியூட்டர் ஓடத் தொடங்கியபோது ரவாங்தான் வடக்கு முனை. இப்போது தஞ்சோங் மாலிம் வரை போகிறது. ரவாங்கில் ஏறினால் மாறாமல் கேஎல் சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் போகலாம். அப்படியே உட்கார்ந்திருந்தால் கிள்ளான். வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, வளையல் எல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு. எனக்குக் கிள்ளான்தான் பிடிக்கும்.

பத்துமலைக்குக் காரில் போவதுதான் கிட்டம். ரயிலில் என்றால் தெற்கே புத்ரா நிலையம் வரை போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏறவேண்டும். பெரியவர்களுக்குச் சுற்று, பிள்ளைகளுக்கு அதுதான் பயணமே. காலை எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். 272 படி, வெயில் ஏறிவிட்டால் அது 500 படி. முட்டி சரியில்லாதவர்கள் 42.7 மீட்டர் முருகன் காலடியிலேயே உட்கார்ந்துகொள்ளலாம், முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார். கையில் பிளாஸ்டிக் பையோ தின்பண்டமோ தெரியக்கூடாது. குரங்கு பிடுங்கினால் விட்டுவிடச் சொல்லி முன்பே பழக்குங்கள்; இழுத்துப் பிடிப்பவர்களைத்தான் அது கீறும்.

16. செலாயாங் போகும் சாலையில் உள்ள காஞ்சிங் அருவி ஏழு அடுக்கு. முதல் ஒன்றிரண்டு அடுக்கே நமக்குப் போதும். அங்கே பயப்படவேண்டியது 'கெப்பாலா ஆயர்'. மேலே மலையில் மழை பெய்திருக்கும், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், திடீரென்று வெள்ளம் இறங்கும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறவேண்டும். பிற்பகலில் போகவே வேண்டாம். காலில் புண் இருந்தால் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கவேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் புண் வழியாக நுழையும்.

17. பசார் மாலாமுக்குப் போகும்போது கையில் பத்து வெள்ளியைக் கொடுத்து, "இவ்வளவுதான்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டு அழும் பிள்ளைகூடக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கறிப்பாப்பா, பிசாங் கோரேங்கா, ஒளிவிடும் பொம்மையா என்று ஒரு சுற்று முழுக்க யோசித்துவிட்டு எங்கள் பேரன் இரண்டு வெள்ளியை மிச்சம் பிடித்துத் தாத்தாவுக்குக் கச்சான் வாங்கினான்.

18. தொலைபேசி, டேப்லட் எவ்வளவு நேரம் என்று அவன் அம்மா சொன்ன கணக்கையே பின்பற்றுங்கள். நீங்கள் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். "உன் அம்மா கிடக்கிறாள்" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அது அன்றிரவே வீடியோ அழைப்பில் லண்டனுக்குப் போய்விடும். அனுபவம்.

19. மதியம் இரண்டு முதல் மூன்றரை வரை கடை மூடல். பாட்டி படுத்திருப்பாள், யாரும் கூப்பிடக்கூடாது. இதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

20. காய்ச்சல் வந்தால் பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால் மட்டும். டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் இபுபுரோஃபனும் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை. டெங்கியில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: மூன்றாம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் இறங்கும்போது "அப்பாடா" என்று இருந்துவிடுவோம். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்காமல் சோர்ந்து கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும் சரி. ஊர் திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலேசியாவில் இருந்தான் என்று அங்குள்ள மருத்துவரிடம் முதலிலேயே சொல்லும்படி மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

21. பெட்டி கட்டும்போது: நெய், பால்கோவா, கோழி ரெண்டாங் மூன்றும் இங்கிலாந்துக்குள் போகாது, இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. முறுக்கும் மசாலாத்தூளும் போகும். தூளை இரண்டு பைகளில் கட்டுங்கள், ஒரு பை எப்போதும் கிழியும். டுரியானை விமானத்தில் ஏற்றமாட்டார்கள், கெஞ்சிப் பார்க்கவேண்டாம்.

22. இங்கே வாங்கிய ஜப்பான் சிலிப்பர் அடுத்த வருடம் பத்தாது. தூக்கிப் போடுவதற்கு முன் அளவை நாட்காட்டியின் கடைசித் தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது அதற்கு இரண்டு அளவு கூட்டி வாங்கவேண்டும். போன வருடம் ஓர் அளவுதான் கூட்டினேன்; குதிகால் வெளியே நின்றது.